நாலில் ஒரு நீலம்

காலையில் கூப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். காலை என்றால் எது வரைக்கும் காலை என்று தீர்த்தகிரி கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காலை என்பது மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாராளமாக நீளும். மொட்டை மாடியில் கிளிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டு நிற்கிறவனுக்கு அது விடிந்த உடனேயே தீர்ந்துபோய்விட்டது. இப்போது வெயில் தகரக் கூரைமேல் ஏறியாகிவிட்டது, இன்னும் போன் அடிக்கவில்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது. இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். சத்தம் வைத்திருக்கிறோமா என்று எடுத்துப் பார்த்தான். வைத்திருந்தான். மறுபடி பையில் போட்டான், போட்ட கையோடு, போடும்போது எதுவும் அமுங்கியிருக்குமோ என்று மறுபடி எடுத்தான். கீழே வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைப்பதில்லை, அதனால் மேலேயே இருக்கிறேன் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். டவர் கீழேயும் நன்றாகத்தான் கிடைக்கும். கட்டின பெண்டாட்டிக்கு அதுகூடவா தெரியாது. சேதியை முதலில் தான் ஒருத்தனாகக் கேட்டுக்கொண்டு, முகத்தை ஒரு மாதிரி சரிக்கட்டிக்கொண்டு, அப்புறம் படி இறங்கலாம் என்பது அவன் எண்ணம். சுகந்தியின் வயிற்றில் ஊசி விட்டு, பிள்ளை ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பெரிய ஊர் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். வயிற்றில் இருப்பது நன்றாக இருக்கிறதா, இல்லை மிதுனாவைப் போல இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். மிதுனா அவர்களுடைய மகள், ஒண்ணாவது படிக்கிறாள். அவள் உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊற வைக்காது. மாதம் தவறாமல் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தால்தான் பள்ளிக்கூடத்துப் படியேற அவளுக்குத் தெம்பு வரும். இதுவும் அப்படி இருந்தால் முடித்துக்கொள்ளலாம், நாள் இருக்கிறது என்று டாக்டரம்மா மெதுவாகச் சொல்லியிருந்தார். அவனும் சுகந்தியும் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசாமலேயே இரண்டு பேரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. சொல்லப்போனால் அந்தப் பதிலுக்குத்தான் அவன் போனைவிட அதிகமாகப் பயந்தான்.

கிளிகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும். முளைகட்டின பயறு வருகிறது என்று தெரிந்ததும் மாடி முழுக்க ஒரே கூப்பாடு. இவன் வளர்ப்பது குவேக்கர் என்கிற ஜாதி, வேறு நாட்டுக் கிளி, புறா அளவுக்குக்கூட வராது, சத்தத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முந்துகிறவர்களைப் போல ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கம்பியில் வந்து தொங்கின. பச்சை முதுகு, சாம்பல் நெஞ்சு. நடுநடுவே நீல முதுகு, சாம்பல் நெஞ்சு. தினமும் இந்த நேரத்தில் நீலங்களை ஒரு பார்வை எண்ணாமல் எண்ணிக்கொள்வான், மனசு நிறையும். இன்றைக்கு நீலம் கண்ணில் படும்போதெல்லாம் பார்வையைப் பச்சைப் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொண்ட பிறகு, இது என்ன கூத்து, அவை என்ன பாவம் செய்தன என்று மறுபடி பார்த்தான். மூலையில் இருந்த மரப்பெட்டிப் பக்கம் மட்டும் போகவில்லை. அதில் குஞ்சுகள் இருந்தன. இறகுக் குருத்து இன்றோ நேற்றோ விட்டிருக்க வேண்டும், திறந்து பார்த்தால் எது பச்சை, எது நீலம் என்று தெரிந்துவிடும். இவ்வளவு நாளும் பெட்டி திறக்கிற காலைக்கு முந்தின ராத்திரி தூக்கமே வராது அவனுக்கு. நேற்று ராத்திரியும் தூக்கம் வரவில்லைதான். அப்புறம் பார்க்கலாம். போன் வரட்டும். முதலில் அது வரட்டும். அதற்கு முன்னால் இதைத் திறந்து, உள்ளே ஏதாவது ஒரு மாதிரி இருந்து, அதுவே சகுனமாகிவிட்டால். சே, சகுனமாவது ஒன்றாவது. பூனை குறுக்கே போனால் நின்று காறித் துப்பிவிட்டு நடக்கிற அவன் அப்பாவைக் கேலி செய்தே வளர்ந்தவன் அவன். ஆனாலும் பெட்டிப் பக்கம் போகவில்லை.

போன் அடித்தது. கையிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் நழுவித் தரையில் உருண்டது. தெரியாத நம்பர். லேபுக்காரர்கள் நம்பர் மட்டும் தெரிந்த நம்பராகவா இருக்கும். காதில் வைத்தான்.

"அண்ணா, வணக்கம்ணா. ஓசூர்லருந்து பேசறேன். நீலக் கிளி இருக்குதுங்களாண்ணா?"

"எந்த நீலக் கிளி?" என்றது வாய், அவனைக் கேட்காமலேயே.

"நீலக் கிளிதாண்ணா. பேசுமாமே, அது."

"அப்பறமா கூப்புடுங்க," என்று வைத்துவிட்டான்.

"மாமா!" கீழேயிருந்து சுகந்தி. "அடிச்சுதே, அவங்களா?"

"இல்ல. கிளி கேக்கறவங்க."

"ம்," என்றாள். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். படுத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

எந்த நீலக் கிளி என்று அவன் கேட்டது பெருமைக்காக இல்லை. நீலக் கிளி என்று ஒரே ஒரு கிளி உலகத்தில் கிடையாது. யார் கேட்டு வந்தாலும் இதை உட்கார வைத்துச் சொல்லாமல் அவன் அனுப்ப மாட்டான். கிளி வாங்க வர்றாங்களா, பாடம் படிக்க வர்றாங்களா மாமா என்று சுகந்தி கிண்டல் பண்ணுவாள். வம்சத்துக்கே நீலமான கிளிகள் உண்டு. பிரேசில் பக்கத்துக் காட்டில் இருக்கிறதே ஹயசிந்த் மக்காவ், ஒரு பூவின் பேரை வைத்திருக்கிறார்கள், உச்சி முதல் வால் வரைக்கும் நீலம், அப்பனும் நீலம், ஆத்தாளும் நீலம், குஞ்சும் நீலம், அதைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஸ்பிக்ஸ் மக்காவ் என்று இன்னொன்று, அதற்கு மனுஷன் பேர். அது போல வேறெதுவும் இல்லை என்று புத்தகக்காரர்கள் ஜாதிப் பட்டியலில் அதற்கு மட்டும் தனியாக ஒரு வீடு கட்டிக் குடிவைத்திருக்கிறார்கள். காட்டில் கடைசியாக அதில் ஒரே ஒரு ஆண் மிஞ்சி, சேர்வதற்குத் தன் ஜாதியில் பெண் இல்லாமல், வேறு ஜாதிப் பச்சைக் கிளி ஒன்றோடு ஜோடி சேர்ந்து பறந்துகொண்டிருந்ததாம். அதைப் போனில் படித்தபோது எழுந்து போய் மிதுனா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தான். மூன்றாவதாக ஒன்று, லியர்ஸ் மக்காவ். அது ஒரு தனி ஜாதியே இல்லை, இரண்டு ஜாதி கலந்து பிறந்ததாக இருக்கும் என்று படித்தவர்களே வெகு காலம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அது கூட்டமாகப் பாறை இடுக்குகளில் குடியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சரி, நீயும் ஒரு ஜாதிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். பேர் வைக்கிறவர்களுக்கும் தப்பு வரும். லேபில் பேர் எழுதி ஒட்டுகிறவர்களுக்கு? சுகந்தி என்று எத்தனை பேர் இருப்பார்கள். இவள் துணுக்கு இன்னொருத்தி குப்பியில். இல்லை, அப்படியெல்லாம் நடக்காது, நம்பர் போட்டுத்தான் ஒட்டினார்கள், அவனே பார்த்தான். பார்த்தானா? சுகந்தியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பியை யார் பார்த்தது.

தலையை உதறிக்கொண்டான். கிண்ணத்தைப் பொறுக்கிக் கழுவினான். வம்சத்துக்கே நீலம் என்பது ஒரு வகை என்றால், இவன் மாடியில் இருப்பது வேறு வகை. குவேக்கர் என்றால் பச்சைதான். அதில் எப்போதோ ஒன்று நீலமாகப் பிறக்கும். கடைத்தெருவில் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டு கூண்டாக விற்கிறார்களே, உண்மையில் அது லவ் பேர்டே இல்லை, பட்ஜி, அதிலும் நீலம் இப்படி வந்ததுதான். சந்தையில் பச்சைக்கு ஒரு மரியாதை, நீலத்துக்கு வேறு மரியாதை, இரண்டையும் இரண்டு ஜாதி போலப் பேசுவார்கள். புத்தகத்தில் தேடினால் நீலத்துக்குத் தனிப் பேர் கிடையாது. பச்சையும் அதுவும் ஒன்றேதான். அப்படியானால் நீலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எங்கிருந்தும் வரவில்லை என்பதுதான் பதில். கிளியின் இறகில் நீலச் சாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. இறகு நெய்திருக்கிற விதத்தில் வெளிச்சம் பட்டு நீலமாகத் தெரிகிறது, அதன் மேல் மஞ்சள் சாயம் ஏறினால் பச்சை. மஞ்சள் ஊறாமல் போனால் அடியில் இருந்த நீலம் வெளியே தெரியும். அவ்வளவுதான். நீலம் கூடுதலாகக் கிடைத்த வரம் என்று வாங்குகிறவன் நினைக்கிறான், உடம்பில் ஊற வேண்டிய ஒன்று ஊறவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான், சிரித்துக்கொண்டே, கையை ஆட்டி ஆட்டி. ஊற வேண்டியது ஊறவில்லை. மிதுனாவுக்கு ரத்தம் ஏற்றுகிற நாள் நெருங்க நெருங்க உதடு வெளுத்துக்கொண்டே வரும், கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறும். அங்கே மஞ்சள் போனது, இங்கே மஞ்சள் வந்தது. இரண்டு நாளாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏற்றுகிற நாள் நாளை மறுநாள்.

கைக்குழந்தையாக இருக்கும்போது பால் குடிக்க மாட்டாள், அழக்கூடத் தெம்பிருக்காது. கண்ணு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சோகை என்று டானிக் ஊற்றினார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, டாக்டரம்மா இரண்டு பேர் ரத்தத்தையும் சோதித்துவிட்டு பிள்ளைக்கு மேஜர், உங்கள் இரண்டு பேருக்கும் வெறும் மைனர் என்று ஏதோ சொல்லி, மேஜையில் கிடந்த ஒரு தாளில் நாலு கட்டம் போட்டார். அது அவனுக்குத் தெரிந்த கட்டம். சேலம் ஜாபர் பாய் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டிய அதே நாலு கட்டம். அவர்தான் அவனுக்குக் கிளி வளர்ப்புச் சொல்லிக் கொடுத்தவர். பார்க்கப் பச்சை, ஆனால் உள்ளுக்குள் ஒரு பங்கு நீலம் ஒளிந்திருக்கிற கிளிக்குக் கிளி வளர்க்கிறவர்கள் வைத்திருக்கிற பேர் ஸ்பிளிட். வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இரண்டு ஸ்பிளிட்டை ஜோடி சேர்த்தால் நாலில் ஒன்று நீலமாகப் பிறக்கும், அப்போதுதான் அப்பனும் ஆத்தாளும் ஸ்பிளிட் என்பதே ஊருக்குத் தெரியும். டாக்டரம்மா கட்டத்துக்குள் புள்ளி வைத்து விளக்கிக்கொண்டிருக்கும்போதே, "அப்ப நாங்க ரெண்டு பேருமே ஸ்பிளிட்டுங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டான். டாக்டரம்மா பேனாவை நிறுத்தி, "என்னது?" என்றார். சுகந்தி மட்டும் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனோடு வாழ்ந்த வாழ்க்கையில் கட்டம் போடாமலே புரிகிற அளவுக்கு அவள் கிளிப் பேச்சுக் கேட்டிருந்தாள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே பெட்டியில் பிறந்ததை, ஒரே வழியில் வந்ததை அவன் ஜோடி சேர்க்கவே மாட்டான். ஆணைச் சேலத்தில் எடுத்தால் பெண்ணை ஓசூர் தாண்டிப் போய் எடுத்து வருவான், ரத்தம் மாத்தணும் என்பான், பெரிய மனுஷன் மாதிரி. அப்பேர்ப்பட்டவன் தன் தாய்மாமன் மகளை, வாத்தியம் வைத்து, ஊரைக் கூட்டி, விருந்து போட்டுக் கட்டிக்கொண்டான். சொந்தம் விட்டுப்போவக் கூடாது என்றார் மாமா. பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்றார் ஜோசியர். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்கும்தான் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மட்டும்? தாவணியில் வந்து நின்று, உன் கிளி ஒண்ணு எனக்குக் குடு மாமா என்று கேட்ட சுகந்தியை வேண்டாம் என்றிருப்பானா. மாட்டான். சத்தியமாக மாட்டான். அதனால் அதைப் பற்றி யோசிப்பதில் பிரயோஜனம் இல்லை என்று தினமும் முடிவு கட்டுவான், தினமும் அதே இடத்துக்கு வந்து நிற்பான். ஆனால் அது கூட விதி என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது போன ஆடியில் அவன் சொன்ன வார்த்தை.

மிதுனாவைத் தூங்கப் பண்ணிவிட்டு வந்து சுகந்தி கேட்டாள், "அவளுக்குத் துணைக்கு இன்னொண்ணு வேணும்னு இருக்குது மாமா. பயமாவும் இருக்குது." அதற்கு அவன், "நாலுல ஒண்ணுதானே. அந்த ஒண்ணு வந்துடுச்சு. இனிமே மூணும் பச்சதான்," என்றான். "நெசமாவா?" "கிளியில பாக்கறனே நானு." அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிளி விஷயத்தில் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். கிளி வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஆரம்பத்தில் செய்கிற தப்புதான் அது; நாலில் ஒன்று என்பதைப் பெட்டிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு, வாங்க வருகிறவனிடம் இந்தப் பெட்டியில் உனக்கு ஒரு நீலம் உண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டு முழிப்பார்கள். அவனும் முழித்திருக்கிறான். ஜாபர் பாய் சிரித்தார். "முட்டைக்கு முட்டை ஆண்டவன் புதுசா சீட்டுக் குலுக்கறாம்ப்பா. போன முட்டைக்கு என்னா வந்துச்சுன்னு அவன் ஞாபகம் வெச்சுக்க மாட்டான்." அது அவனுக்கு அப்போதே தெரியும். ஆடி மாதத்துக்கு வெகு முன்னாலேயே தெரியும். அப்படியானால் தெரிந்துதான் சொன்னானா? தெரிந்தது தலையில் இருந்தது, சொன்னது ஆசை. இல்லை, ஆசை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆறுதலுக்குச் சொன்னான். அதுவும் இல்லை, அவளுக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான், போன குழந்தைக்கு வந்ததால் இதற்கு வராது என்று கிடையாது என்று சொன்னபோது சுகந்தி திரும்பி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அந்த ஜிப் சத்தம் இன்னும் போகவில்லை, கிளிச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிறது.

இதோடு இப்படியே நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மூலைப் பெட்டிக்குப் போய்விட்டான். எப்போது முடிவு செய்தான், எப்போது நடந்தான் என்று தெரியவில்லை, கை கொக்கியில் இருந்தது. தாய்க்கிளி உள்ளேயிருந்து சீறியது. நீலம் இருக்கக் கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பெட்டி திறக்கும்போதெல்லாம் முருகா நீலம், முருகா நீலம் என்று வேண்டிக்கொண்ட வாய், இன்றைக்கு முருகா வேண்டாம் என்றது. ஒன்றுகூட வேண்டாம். மூடியைத் தூக்கினான். மரத்தூளில் ஐந்து குஞ்சு, ஒன்றின் மேல் ஒன்று தலை போட்டு, வயிறு புடைக்கத் தூங்கிக்கொண்டிருந்தன. முதுகில் குருத்து விட்டிருந்தது. பச்சை. அதற்கு அடுத்ததும் பச்சை. மூன்றாவது நீலம். அதற்கு அடியில் இருந்ததை விரலால் மெல்ல ஒதுக்கினான், நீலம். ஓரத்தில் இருந்தது நீலம். மூன்று. வேறு நாளாக இருந்தால் ஜாபர் பாய்க்குப் போன் போட்டுக் கத்தியிருப்பான். இப்போது விரலை மடக்கி மறுபடி எண்ணினான். மூன்று என்றால் என்ன அர்த்தம். கெட்டதா. கெட்டதுதான், வரிசையாக வருகிறது. இல்லை, அப்படி ஏன் பார்க்க வேண்டும், வரவேண்டிய நீலமெல்லாம் இங்கேயே வந்து தீர்ந்துவிட்டது, அப்படியானால் கீழே பச்சை. ஆமாம், இங்கே வந்துவிட்டது, அங்கே வராது. மனசு ஒரு கணம் லேசாகி, உடனே பிடித்துக்கொண்டது. அதே கணக்கு. போன ஆடியில் போட்ட அதே பொய்க் கணக்கை இப்போது கிளிக்கும் பிள்ளைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு நிற்கிறான். திருந்தவே மாட்டாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு மூடியைச் சாத்தினான். அது சரியாக உட்காரவில்லை, இரண்டாம் தடவை அழுத்தி மூடினான். சட்டைப் பையில் போன் அடித்தது.

டாக்டரம்மா பேர் திரையில் இருந்தது. எடுக்காவிட்டால் என்ன. எடுக்காத வரைக்கும் எதுவும் நடந்துவிடவில்லை, பிள்ளை பிள்ளையாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு மணி. இன்னும் இரண்டு மணி. விரல் தானாகப் போய்த் தள்ளிவிட்டது.

"தீர்த்தகிரிங்களா? ரிப்போர்ட் வந்துடுச்சு. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று எதற்குக் கேட்கிறார்கள். கெட்ட சேதிக்குத்தான் அப்படிக் கேட்பார்கள். "இல்லைங்க. சொல்லுங்க," என்றான். குரல் அடுத்த தெருவிலிருந்து வந்தது.

"ஒரே சத்தமா இருக்கே, நான் சொல்றது கேக்குதா? குழந்தை மைனர்தான். உங்க ரெண்டு பேரையும் மாதிரி. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல, கன்டினியூ பண்ணுங்க. புரியுதுங்களா?"

"மேடம் இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டான், அவரும் கோபித்துக்கொள்ளாமல் சொன்னார். போனை வைத்த பிறகு, பேர் மாறியிருக்குமோ, வேறு சுகந்தியோ என்று ஒரு நினைப்பு தலை நீட்டியது, அதன் மண்டையில் ஒன்று போட்டு உட்கார வைத்தான். கவிழ்த்து வைத்திருந்த தீவன வாளிமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். வெளியே பச்சை, உள்ளே ஒரு பங்கு. அவ்வளவுதான். வாழ்ந்துவிடலாம். அவன் வாழவில்லையா, சுகந்தி வாழவில்லையா. முகத்தைச் சரிக்கட்டிக்கொள்வது, ஒத்திகை பார்ப்பது எல்லாம் பறந்துபோய், கண்ணும் மூக்கும் ஒழுகத் தடதடவென்று படி இறங்கினான்.

சுகந்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மிதுனா அவள் முதுகுக்குப் பின்னால் முட்டி போட்டுக்கொண்டு, அவள் ஜடையில் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தாள். அவன் அழுத முகத்தைப் பார்த்ததும் சுகந்தி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல. சுகந்தி, ஒண்ணுமில்ல. நல்லாருக்குதாம். வெறும் ஸ்பிளிட்டுதானாம், நம்மள மாதிரி!"

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா. மூணு வாட்டி கேட்டுட்டேன்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவன் கையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். ஆடி மாதத்திலிருந்து வைத்திருந்த அடி. அவன் சிரித்துவிட்டான், அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுது சிரிப்பதைப் பார்த்து மிதுனாவும், என்ன ஏது என்று தெரியாமலே வெளுத்த உதட்டால் சிரித்தாள்.

"அப்பா, பாப்பா என்னய மாதிரி இல்லியா?"

"இல்லடா தங்கம், இல்லவே இல்ல!" என்று அவளை வாரித் தூக்கிக்கொண்டான். தூக்கின பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று காதில் விழுந்தது.

மிதுனா கையில் மிச்சமிருந்த கிளிப்பைத் திறந்து மூடினாள். "அப்ப ரத்தம் ஏத்தறதுக்கு நான் மட்டுந்தான் போவணுமா?"

"நாங்க வருவோம்ல," என்றாள் சுகந்தி அவசரமாக.

"நீங்க ஊசி போட்டுக்க மாட்டீங்களே," என்றாள் மிதுனா. சண்டையெல்லாம் இல்லை, உள்ளதைச் சொன்னாள். அப்புறம் அவன் சட்டைப் பையில் இருந்த போனைத் தட்டிக்கொண்டே கேட்டாள், "நான் அம்மா வயித்துல இருக்கறப்ப டாக்டரு போன் பண்ணலியா?"

சுகந்தியின் அழுகை சட்டென்று நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனும் அவளைப் பார்க்கவில்லை. அப்போது யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் போன் வரவில்லை. வந்திருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது அவனுக்குத் தெரியும். இன்று காலை முழுவதும் அதே பதிலைத்தான் தயாராக வைத்துக்கொண்டு மாடியில் நின்றான். காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இப்போது வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இவள் இல்லாத வீடு. இந்தக் கை இல்லை, இந்தக் கிளிப்பு இல்லை. அந்த வீட்டில் அவனும் சுகந்தியும் நிம்மதியாக இருந்திருப்பார்கள், எதை இழந்தோம் என்றே தெரியாமல்.

"பண்ணலடா," என்றான்.

"ஏன்?"

"தெரியலடா. நல்ல வேள, பண்ணல." அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வலிக்குதுப்பா," என்றாள் மிதுனா. அவன் விடவில்லை.